முன்சக்கரம் தட்டும் சத்தம்

குடும்பத்தோடு காரில் வெளியூர் நிக்காஹ்வுக்குச் சென்று கொண்டிருந்தோம். வேகத்தடையைக் கடந்தபோது முன்பக்கத்திலிருந்து 'டக்' என்றொரு சத்தம் எழுந்தது. "அத்தா, அது என்ன?" என்று பின்னிருக்கையிலிருந்து மகள் கேட்டாள். "பழைய வண்டியம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஊர் திரும்பியதும் ஓர் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலேயே ஷாக் அப்சார்பர்களை மாற்றினார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. பின்னர் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், சத்தம் எப்போது வருகிறது?"

நோயை அறியும் வழி அக்கேள்வியில்தான் இருக்கிறது. சிறு பள்ளங்களில் 'கடகட'வென்று ஒலித்தால் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்கோ, அதன் ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போதும் வண்டி கிளம்பும்போதும் ஒற்றைத் தட்டலாக வந்தால் லோயர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்ட், பிரேக் காலிப்பரின் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முழுதாக ஒடித்துத் திரும்பும்போது 'டிக் டிக்' எனத் தொடர்ந்தால் முன்சக்கர ஆக்ஸிலின் ஜாயிண்ட் மீது ஐயம் கொள்ளலாம். இவை அனைத்துக்கும் முன்பாகச் சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்ப்பது அவசியம்.

என் வண்டியில் வேகத்தடையிலும் திருப்பத்திலும் சத்தம் வந்தது. மெக்கானிக் வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டின் மீது அமர்த்தினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இவ்வாறு ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட்டிலோ வீல் பேரிங்கிலோ குறை இருக்கும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராடு எண்ட்டையும் சோதிக்க வேண்டும். கடப்பாரையால் லோயர் ஆர்மை நெம்பிப் பார்த்து, பால் ஜாயிண்ட்தான் என்று உறுதி செய்தார்.

பால் ஜாயிண்ட் நம் தோள் மூட்டைப் போன்றது. கிண்ணத்துக்குள் சுழலும் உருண்டை. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண்ணும் நீரும் உட்புகும், உருண்டை தேயும். தேய்மானம் முற்றினால் ஓடும்போதே கழன்று, சக்கரம் மடிந்துவிடும். அதற்குப் பின் ஸ்டீயரிங் நம் வசத்தில் இராது. அவர் கழற்றிக் காட்டிய உருண்டை விரல் பட்டதும் தளர்ந்தாடியது. நிக்காஹ் பயணத்தில் பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகளை எண்ணினேன், உடல் நடுங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காத்தான்.

சகோதரர்களே! ஸ்டாண்டு இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் நுழைய வேண்டாம். இத்தகைய பாகங்களை மாற்றியபின் வீல் அலைன்மெண்ட் பார்க்கவும் தவற வேண்டாம். சத்தம் எந்நேரத்தில், எப்பக்கத்தில் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவரையும் உடன் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். வீண் செலவு குறையும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம் வண்டியில் ஏறும் ஒவ்வோர் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பயண துஆவை ஓதும் நாவோடு, சத்தத்தைக் கேட்கும் செவியும் நமக்கு வேண்டும்.