மாதிரிக் குழாயின் மறுமுனையில்

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவிய செய்தி வந்தபோது, திருநின்றவூரில் எங்கள் புறநோயாளிப் பிரிவிற்குக் காய்ச்சலுடன் வந்தவர்களில் பலர் கேட்டது ஒரே கேள்வி: "இது அதுவா டாக்டர்?" கேரளத்திலிருந்து திரும்பியிருந்த ஓர் இளைஞரின் தாயார் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்: "அப்படிப்பட்ட நோயென்றால், இரத்தத்தைச் சோதிப்பவருக்கு ஒன்றும் ஆகாதா?" அவருடைய மகனுக்கு வந்திருந்தது டெங்கு, குணமடைந்து வீடு திரும்பினார். அத்தாயின் கேள்விக்கு அன்று நாங்கள் நின்றபடியே சொன்ன பதில் போதாது.

நம் பகுதியில் காணும் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றை வழக்கமான ஆய்வகங்களிலேயே கண்டறிந்துவிடலாம். நிபாவின் நிலை வேறு. அதன் உயிருள்ள கிருமியை வளர்த்து ஆராய, நான்காம் நிலைப் பாதுகாப்புடைய ஆய்வகம் வேண்டும். புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தில் அத்தகைய ஆய்வகம் 2012இல் திறக்கப்பட்டது. கோழிக்கோட்டு மாதிரிகளில் நிபா இருப்பதை உறுதிசெய்ததும் அந்நிறுவனமே.

அந்நிறுவனத்தின் பழைய வரலாற்றில் துயரமும் உண்டு. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தபோது, அதற்குக் காரணமான வைரஸை அங்கிருந்த ஆய்வாளர்களே கண்டறிந்தனர். அதைக் கையாண்ட ஊழியர் பலருக்கும் அதே நோய் தொற்றியது. 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை ஆய்வகத்திற்கு மேல் மாடியில் பணியாற்றிய ஜேனட் பார்க்கர் என்னும் மருத்துவப் புகைப்படக் கலைஞர் பெரியம்மையால் இறந்தார். அவர் அந்த ஆய்வகத்தின் பணியாளர்கூட அல்லர்.

இன்று முனைவர் பட்டம் பெற்றபின் இத்துறைக்கு வரும் இளம் ஆய்வாளரை உடனே உள்ளே விடுவதில்லை. முதலில் தாழ்ந்த பாதுகாப்பு நிலைகளில், தீங்கற்ற கிருமிகளைக் கொண்டு கை பழக வேண்டும். காற்றுக்குழாய் இணைத்த முழுவுடலுடையில் நடக்கவும், தடித்த கையுறைகளோடு சிறு குழாயின் மூடியைத் திறக்கவும் பழக வேண்டும். கூரிய ஊசியையும் கண்ணாடியையும் இயன்றவரை தவிர்ப்பார்கள். தேர்ந்தவர் ஒருவர் உடனிருந்து மேற்பார்வையிடுவார். வெளியேறும்போது உடையோடு கிருமிநாசினி நீரில் குளித்த பின்னரே கதவு திறக்கும். உள்ளே செல்லுமுன் ஒவ்வொரு படியையும் எழுதி, மனத்திற்குள் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். மனத்திற்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊரில் வாழும் நமக்கு இது விளங்காததல்ல.

எங்களை மிகவும் கவர்ந்த பாடம் வேறொன்று. கையுறையில் சிறு கிழிசல் கண்டாலும் உடனே அறிவிக்க வேண்டும். பணிக்காலத்தில் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. அறிவித்தவரைக் குற்றவாளியாக நடத்தினால் அடுத்தவர் மறைத்துவிடுவார். மருத்துவர்களாகிய நாங்கள் இதில் பின்தங்கியே இருக்கிறோம். பயிற்சிக் காலத்தில், ஊசி குத்தியதைத் திட்டு வாங்க அஞ்சி மறைத்த தோழர்களை நாங்கள் கண்டதுண்டு.

ஐயத்திற்குரிய மாதிரியை அனுப்ப நேர்ந்தால் கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பொருள், அதற்கு மேல் இன்னொரு கசியாத உறை, வெளியே உறுதியான பெட்டி என மூன்று அடுக்கில் அடைப்போம். அங்கே பெரும்பாலும் முதலில் வேதிப்பொருள் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்து, பிறகே அதன் மரபணுவைத் தேடுவார்கள். முடிவு வரச் சற்றுத் தாமதமாவதற்கு இந்தப் பயணமும் எச்சரிக்கையும் காரணம்; உங்கள் உறவினரை யாரும் மறந்துவிடுவதில்லை. சிகிச்சையும் தனிமைப்படுத்தலும் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை.

ஆனால் எந்த ஆய்வகமும், எவரேனும் ஐயுற்ற பின்னரே உதவ முடியும். கோழிக்கோட்டில் நோய் இன்னதென்று தெரியுமுன்பே நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி உயிரிழந்தார். ஒரே குடும்பத்தில் இன்னொருவருக்கும் அதே குறிகள் தோன்றியதைக் கவனித்த மருத்துவர்களே புதிய கிருமியை ஐயுற்றனர். ஆகவே காய்ச்சலுடன் வருகையில், அண்மையில் எங்கே பயணம் செய்தீர்கள், வீட்டில் வேறு யாருக்கேனும் உடல்நலமில்லையா, வௌவால் கடித்த பழம் உண்டதுண்டா, நோயுற்ற விலங்கைத் தொட்டதுண்டா என்று நாங்கள் கேட்போம். நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், உடன் வந்த நீங்கள் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.