ராமானுஜன் விட்ட எண்

2,93,31,86,25,600. வாயால சொல்லணும்னா 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண்ணை மீதி இல்லாம வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், மொத்தம் 5040. இதைவிடச் சின்ன எண் எதுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது.

இப்படித் தனக்கு முன்னாடி இருக்கிற எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துற எண்ணுக்கு ‘ஹைலி காம்போசிட்’ எண் என்று பெயர். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240 என்று வரிசை போகும். இதில் 120, 240 இரண்டும் தறி பார்த்தவங்களுக்குப் பழகின எண்கள்தான். ஜக்கார்டு பெட்டியை 120 கொக்கி, 240 கொக்கி என்றுதானே சொல்வோம்? 240-ஐ 8, 10, 12, 15, 16, 20, 24, 30 என எதால வகுத்தாலும் மீதி விழாது. மொத்தம் 20 காரணிகள். அதைவிடப் பெரிய 250-க்கு வெறும் 8.

சரி, 5040 காரணிகளை யார் உட்கார்ந்து எண்ணுவது? எண்ண வேண்டாம். எண்ணைப் பகா எண்களாப் பிரிங்க:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்க: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அவ்வளவுதான். இந்த 5040-உம் ஒரு ஹைலி காம்போசிட் எண். அதுக்கு 60 காரணிகள். 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4. எல்லாமே அதே வரிசையில் இருக்கிற எண்கள்!

அடுக்குகளைப் பாருங்க: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கேயும் ஏறவே இல்லை. காரணம் எளிது. 18 = 2 × 3², 12 = 2² × 3. இரண்டுக்கும் 6 காரணிகள்தான், ஆனா 12 சின்னது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கு கொடுத்தா, இடம் மாற்றி வைத்த சின்ன எண் ஒண்ணு முந்திக்கும்.

இந்த எண்களை ஆராய்ந்து ராமானுஜன் 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்பவும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு என்றும் அதில் நிறுவினார். எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்தக் கட்டுரைக்காகத்தான்.

அதில் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் போட்ட ஒரு பட்டியல் இருக்கு. 67,46,32,83,88,800 வரை 102 எண்கள். நடுவில் ஒரே ஒரு எண் விட்டுப்போச்சு. அதுதான் முதல் வரியில் பார்த்த எண்.

பட்டியலில் ஓட்டை விழுந்ததால் தேற்றம் பொய்யாகிடல. நீங்களே சரிபார்க்கலாம். 1-லிருந்து லூப் ஓட்டினா லேப்டாப் திணறிடும். அடுக்குகள் ஏறாத எண்களை மட்டும் உருவாக்கி, சின்னதிலிருந்து வரிசைப்படுத்தி, காரணிக் கணக்கில் புது உச்சம் தொடுறதை மட்டும் வச்சுக்கோங்க. நொடியில் முடியும். ராமானுஜன் விட்ட எண்ணை, ராமானுஜன் சொன்ன விதியே பிடிச்சுக் கொடுக்கும்.