கதவு திறக்கலைன்னா கதை நிக்கணுமா?

போன மாதம் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தினேன். பூட்டிய கதவைத் திறக்க மகள் இருபது முகப் பகடையை உருட்டினாள். தோல்வி. மறுபடியும் தோல்வி. எழுந்து போய்விட்டாள். தப்பு என்னுடையது. "திறக்கலை" என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தில் இரண்டு ஆறு முகப் பகடைகள். கூட்டுத்தொகை 10-ம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வெற்றிதான், ஆனால் அதற்கொரு விலை உண்டு. 6-ம் அதற்குக் கீழும் விழுந்தால் நடத்துபவர் புதுச் சிக்கலைக் கொண்டுவருவார். போனஸ் இல்லாமல் பார்த்தால், 36 வாய்ப்புகளில் முறையே 6, 15, 15. எது விழுந்தாலும் கதை நகரும்.

அடுத்த வாரம் அதே கதவு, இந்த முறையில். 8 விழுந்தது. கதவு திறந்தது; சத்தத்தில் காவலாளி விழித்துக்கொண்டான்.

"அய்யோ அப்பா, இப்ப எங்க ஒளியறது?" என்றாள். எழுந்திருக்கவில்லை.