நேரடி விற்பனைக்குச் செல்போன் செயலிகள்: எது தேவை, எது வேண்டாம்?

நிலக்கடலையைக் காயாக விற்பதைக் காட்டிலும் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் என்பது விவசாயிகள் பலர் அனுபவத்தில் கண்டது. ஆனால் இவ்விற்பனையில் இறங்கியவர்கள் சில மாதங்களிலேயே ஒரு புதுச் செலவைச் சந்திக்கிறார்கள். வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப ஒரு மென்பொருள், இணையக் கடை நடத்த இன்னொன்று, விளம்பரப் படம் தயாரிக்க வேறொன்று என்று மாதச் சந்தாக்கள் சேர்ந்துவிடுகின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு தொகைதான். கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

கூட்டித்தான் பார்ப்போமே. நூறு கிலோ காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பு கிடைக்கும். மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு தேவை. எல்லாச் செலவும் போக லிட்டருக்கு 30 ரூபாய் மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், மாதம் 3,000 ரூபாய் சந்தா கட்டுவதற்கு 100 லிட்டர் எண்ணெயின் ஆதாயம் முழுவதும் போய்விடும். அதற்கு 350 கிலோவுக்கு மேல் காய் ஆட்டியாக வேண்டும். இவ்வளவு காயைக் கொடுத்து வாங்குகிற கருவி அதற்கு ஈடாக என்ன கொண்டுவருகிறது என்று கேட்பதில் தவறில்லை.

கசிவு எங்கே?

வயலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் விவசாயி முதலில் வாய்க்காலோரம் நடந்து உடைப்பு எங்கே என்று பார்க்கிறார். பிறகுதான் மண்வெட்டியை எடுக்கிறார். விற்பனையிலும் இதுவே முறை. வாடிக்கையாளர் நம்மைப் பற்றி அறிவது, விலை கேட்பது, பணம் கட்டுவது, பொருள் போய்ச் சேர்வது, தீர்ந்தபின் மறுபடி வாங்குவது ஆகிய ஐந்து இடங்களில் எங்கே ஆட்கள் விலகிப் போகிறார்கள் என்பதை ஒரு மாதம் நோட்டில் குறித்துவர வேண்டும்.

பெரும்பாலும் உடைப்பு கடைசி இடத்தில்தான் இருக்கும். ஒருமுறை வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொன்னவரே அடுத்த மாதம் அருகிலுள்ள கடையில் வாங்கிக்கொள்கிறார். எண்ணெயில் குறையில்லை, தீரும் நேரத்தில் யாரும் நினைவூட்டவில்லை, அவ்வளவுதான். இதற்கு விளம்பர மென்பொருள் தேவையில்லை. பெயர், ஊர், தொலைபேசி எண், கடைசியாக வாங்கிய தேதி, அளவு ஆகியவை எழுதிய ஒரு பதிவேடு போதும். ஐம்பது வாடிக்கையாளர் வரை நோட்டே போதுமானது. அதற்கு மேல் போனால் கூகுள் ஷீட்ஸ் போன்ற இலவச அட்டவணையில் ஏற்றிக்கொள்ளலாம்.

குத்தகை நிலம்

இந்தப் பதிவேட்டை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. செயலிகளில் நாம் சேர்க்கும் கூட்டம் குத்தகை நிலத்தில் போட்ட வெள்ளாமை போன்றது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் செயலி இந்தியாவில் தடைசெய்யப்பட்டபோது, அதில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் அவர்களை இழந்தனர். கூகுள் நிறுவனம் சிறு வணிகர்களுக்கு இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்த எளிய இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. செயலியை நடத்துவோர் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றலாம். வாடிக்கையாளர் எண்கள் தன் கையில் இருக்கும் விவசாயிக்கு இதனால் தொல்லைதான். அவை செயலிக்குள் மட்டும் இருப்பவருக்கு நட்டம்.

எனவே எந்த மென்பொருளுக்கும் பணம் கட்டுமுன் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'என் வாடிக்கையாளர் பட்டியலை எக்செல் கோப்பாக நானே இறக்கிக்கொள்ள முடியுமா?' என்பதே. வாயால் சொல்வதை ஏற்காமல், இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். மழுப்பினால் அதை விட்டுவிடுவது நலம்.

தொடக்கத்திற்குப் போதுமானவை

சிறிய அளவில் விற்போருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலி பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடும். 2018இல் வந்த இந்த இலவசச் செயலியில் பொருள்களின் படமும் விலையும் கொண்ட பட்டியல் வைக்கலாம். பணம் வர வேண்டியவர், பொருள் அனுப்ப வேண்டியவர் என்று வாடிக்கையாளருக்கு அடையாளச் சீட்டு இடலாம். வயலில் இருக்கும்போது வரும் கேள்விக்குத் தானாகப் பதில் போகும்படியும் செய்யலாம். அதே எண்ணை மேலும் நான்கு கருவிகளில் இணைக்க முடியும் என்பதால் வீட்டில் இருப்பவரும் பதில் சொல்ல இயலும்.

ஒரு விஷயம் பலர் அறியாதது. ஒளிபரப்புப் பட்டியல் வழியாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அறுவடைச் செய்தி அனுப்பியும் யாரும் கேட்கவில்லையே என்று வருந்துவோர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் டின்னின் மேலும் ரசீதிலும் 'இந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்' என்று அச்சிடுவது எளிய பரிகாரம். செய்தி அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்ட பிறகே அனுப்புவதும் முறையாகும். ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பித் தருவதாகச் சொல்லும் அங்கீகாரமற்ற செயலிகள் பக்கமே போகக் கூடாது. அதனால் எண் முடக்கப்பட்டால் டின்னில் அச்சிட்ட எண்ணே பயனற்றுப் போகும்.

செக்கு அல்லது விற்பனையிடம் சாலையோரம் இருந்தால் கூகுள் வரைபடத்தில் இடத்தைப் பதிவு செய்வது தக்கது. இதற்கும் கட்டணம் இல்லை. தொலைபேசி எண்ணும் திறந்திருக்கும் நேரமும் சரியாக இருக்க வேண்டும்; மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுமுறை வருவது அரிது. பணத்திற்கு யுபிஐ அட்டை உண்டு. மூட்டைக் கணக்கில் வியாபாரிக்கு விற்பவர்களுக்கு இவற்றில் ஏதும் அவசியமில்லை. அவர்கள் நாட வேண்டியது 2016இல் தொடங்கிய இ-நாம் போன்ற ஏல முறைகளை.

ஒரு நேரத்தில் ஒன்று

புது ரகம், புது உரம், புது இடைவெளி மூன்றையும் ஒரே பருவத்தில் மாற்றினால் விளைச்சல் எதனால் கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. செயலியும் அப்படியே. ஒன்றை எடுத்து மூன்று மாதம் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிவந்தால் உண்மை தானே தெரிந்துவிடும். முகநூல் விளம்பரத்தைவிட, பழைய வாடிக்கையாளர் பக்கத்து வீட்டில் சொன்னதே அதிகம் கொண்டுவந்திருப்பதைக் கண்டு வியந்தவர்கள் உண்டு.

கட்டண மென்பொருளே கூடாது என்பதில்லை. நாளுக்குப் பல பத்து ஆர்டர்கள் வந்து, விலாசம் மாறிப்போகும் நிலை வந்தால், அல்லது உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று பல உறுப்பினர்களின் பொருள்களைச் சேர்த்து விற்றால், பணம் கொடுத்து வாங்குவது நியாயமே. அப்போதும் ஆண்டுச் சந்தாவை முதலிலேயே கட்டாமல் மாதச் சந்தாவில் தொடங்க வேண்டும். இலவசச் சோதனைக் காலத்திற்கென்று கொடுக்கும் தானியங்கிப் பணப்பிடித்த அனுமதியை யுபிஐ செயலியிலேயே சென்று ரத்து செய்யலாம். முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது அவசியம்.

இறுதியாக, விற்பனைக்குப் பயன்படும் சிம், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் விவசாயியின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். செயலியை அமைத்துக் கொடுத்த இளைஞர் தன் எண்ணிலேயே எல்லாவற்றையும் பதிந்துவிட்டு, பிறகு வேலை கிடைத்து வெளியூர் போய்விடுவது அடிக்கடி நேர்கிறது. ஏற்கெனவே அப்படி இருந்தால், அவர் விடுமுறைக்கு ஊர் வரும்போதே உட்கார வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.