பெரட்டுக்களமும் பணிநிரலும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். 'இன்றைக்கு எனக்குப் பேர் விழுந்தது' என்று ஒருவர் சொன்னால், அன்றைய நாட்சம்பளம் முழுமையாகப் பதிவாயிற்று என்பது கருத்து. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு 'அரைப்பேர்' போடப்படும். தாயும் தந்தையும் அழைப்பதற்கென்று இட்ட பெயர், செய்த வேலையின் அளவையாகவே மாறிவிட்ட விந்தையை இச்சொல்லிற் காண்கிறோம். செக்ரோல் எனப்படும் பதிவேட்டிலே பெயருக்கு நேரே கோடு விழுந்தால் அவர் அன்று உழைத்தவர். விழாவிட்டால், நாள் முழுதும் மழையில் நின்றிருந்தாலும் அவர் உழையாதவர்.

இச்சொல்லை இன்று நினைவுகூர்தற்குக் காரணம் உண்டு. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய நகரங்களிலே தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிறு தொழில்களைத் தொடங்கி நடத்துகின்றனர். தையற்கடை, அச்சகம், வெதுப்பகம், கைத்தொலைபேசி திருத்தும் கடை என்று அவை பலவகைப்படும். முதலாளி ஒருவர், உதவியாளர் இருவர் மூவர். இவ்வளவே ஒரு கடையின் படை. வேலை குவிகிறது, சொன்ன நாளில் முடிவதில்லை. இவர்களுக்குப் பணிமேலாண்மை மென்பொருளைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொள்ளுமாறு இந்நாளில் அறிவுரை கூறப்படுகிறது. அது யாது, அதனாற் பயன் என்ன, அதனைக் கையாளும் முறை எது என்பவற்றை நம் மலைநாட்டு அனுபவத்தோடு வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருள் செய்வது யாது?

பெயர் பெரிதாயினும் பொருள் எளிது. செய்யவேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வினாக்களுக்கு விடை காண வைப்பதே இத்தகைய மென்பொருளின் தொழில். வேலை எது? அதனைச் செய்பவர் யார்? எந்நாளுக்குள் முடியவேண்டும்? இப்பொழுது எந்நிலையில் நிற்கிறது? 2007இல் வெளிவந்த டூடூயிஸ்ட், 2011இல் வெளிவந்த ட்ரெலோ ஆகியன இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. சிறு குழுவினர் கட்டணமின்றிப் பயன்படுத்துவதற்கும் அவற்றில் வழியுண்டு. வாரந்தோறும் மாதந்தோறும் மீண்டும் வரும் வேலைகளைக் குறித்த நாளிலே தாமாகவே நினைவூட்டுவதும் இவற்றின் இயல்பாகும்.

இவ்வொழுங்கைத் தமிழிற் குறிக்கப் 'பணிநிரல்' என்னும் சொல் பொருத்தமாகத் தோன்றுகிறது. அணியிலக்கணம் கற்றோர் நிரனிறையணியை அறிவர். பெயர்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றுக்குரிய வினைகளையோ பண்புகளையோ மற்றொரு வரிசையில் நிறுத்தி, ஒன்றற்கொன்று முறையே சென்று பொருந்துமாறு செய்வது அது. வரிசை சிறிது பிறழ்ந்தாலும் பொருள் கெடும். கடையிலும் அவ்வாறே. வேலைகள் ஒரு வரிசை, ஆட்கள் ஒரு வரிசை, நாட்கள் ஒரு வரிசை. மூன்றும் முறையே பொருந்தினால் தொழில் நடக்கும். பிறழ்ந்தால் வாடிக்கையாளர் வாசலில் நின்று கோபிப்பார்.

வள்ளுவப் பெருந்தகை இப்பொருளுக்குப் பொருட்பாலிலே அதிகாரங்கள் பல வகுத்திருக்கிறார். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளைத் தேர்ந்து வேலையை ஒப்படைக்கும் முறையைத் தெரிந்துவினையாடலிற் காணலாம். அரசனுக்குச் சொன்னவையாயினும் மூன்று பேர் வேலைசெய்யும் கடைக்கும் அவை பொருந்தும்.

பெரட்டுக்களம் என்னும் பாடசாலை

வேலையைப் பிரித்து, ஆளுக்கு ஆள் பங்கிட்டு, மாலையிலே கணக்குப் பார்க்கும் முறை மலைநாட்டுக்குப் புதியதன்று. ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் கோப்பியே இம்மலைகளை ஆண்டது. கோப்பிப்பழம் பருவத்திற் பழுப்பது. அறுவடை முடிந்ததும் ஆட்கள் திரும்பிவிடலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஒரு மலையிற் கொழுந்தெடுத்தால் ஏழெட்டு நாளில் மீண்டும் அதே மலைக்கு வரவேண்டும். வரத் தவறினால் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலையால் தூளின் தரம் குன்றும். ஆகவே நாள்தோறும், எந்த மலைக்கு எத்தனை பேர் என்று வகுத்தே தீரவேண்டிய நிலை உண்டாயிற்று.

இதற்கு ஏற்பட்டதே பெரட்டு. விடியுமுன் தப்பு முழங்க, ஆட்கள் பெரட்டுக்களத்திற் கூடுவர். கொழுந்துக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், கான் வெட்டுவதற்கு இத்தனை பேர், முள்ளுக் குத்துவதற்கு இத்தனை பேர் என்று கணக்கப்பிள்ளை பிரிப்பார். மலைக்குச் சென்றதும் ஆளுக்கொரு நிரை பிடிக்கவேண்டும். பின்பு கொழுந்து நிறுக்கப்படும். நிறை ஏட்டில் ஏறும். இன்றைய மென்பொருளில் உள்ள வேலை, ஆள், இடம், காலம், முடிவு என்னும் ஐந்தும் இதில் அமைந்திருப்பதை அன்பர்கள் நோக்குக. பல நூறு பேரின் வேலையை ஒரு மணி நேரத்துக்குள் பிரித்து அனுப்பிய இவ்வொழுங்கை, ஒழுங்கு என்ற அளவிலே பாராட்டாமலிருக்க இயலாது.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. ஏட்டிலே கோடு கீறிய கை யாருடையது?

துண்டும் கணக்கும்

பெரட்டுக்களத்து ஏட்டைத் தொழிலாளி எழுதியதில்லை, பெரும்பாலும் வாசித்ததுமில்லை. கூடையின் நிறைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் நிறையிற் கழித்தது சரியா என்னும் முறைப்பாடு, மலைநாட்டுத் தொழிலாளர் வரலாற்றிலே நெடுங்காலம் ஒலித்து வந்தது. ஏடு ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது, அதில் உள்ளது உண்மையே ஆனாலும் மற்றவர் நெஞ்சில் ஐயம் தீர்வதில்லை.

இதனினும் கொடியது 'துண்டு'. கங்காணியும் அவர் கீழுள்ள ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அச்சீட்டைக் கொண்டு வேறு தோட்டத்திற் கடன் பெறலாம். பழைய கடனை அடைத்துவிட்டு ஆட்களோடு அங்கே பெயரலாம். கடன் மட்டும் உடன் பெயர்ந்தது. மனிதரின் நடமாட்டத்தை ஒரு சிறு காகிதம் ஆண்டது. அதிலே எழுதியிருப்பது என்னவென்று அறியாமலே பலர் அதற்குக் கட்டுண்டனர். 1921இலே சட்டம் அம்முறையை ஒழித்தது.

கணக்கறிந்த ஒருவர் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். கோ. நடேசய்யர் தஞ்சையிலே 'வர்த்தகமித்திரன்' என்னும் வணிக இதழை நடத்தியவர். இலங்கைக்கு வந்து, அந்நியர் நுழைதற்கரிய தோட்டங்களுக்குட் புடைவை வியாபாரியாகச் சென்று, தொழிலாளர் நிலையை நேரிற் கண்டவர். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும் அவரே. வணிகத்தின் வரவு செலவு அறிந்தவர் தொழிலாளரின் வரவு செலவையும் கேட்கத் துணிந்ததாலே, கணக்கு மறுபக்கத்திலிருந்தும் வாசிக்கப்படலாயிற்று.

பேரின் மதிப்பும் எல்லாருக்கும் ஒன்றாயிருக்கவில்லை. கொழுந்தெடுப்போரிற் பெரும்பாலார் பெண்கள். அவர்கள் பேருக்கு ஆண்கள் பேரினும் குறைந்த சம்பளமே நெடுங்காலம் வழங்கிற்று. இருபாலாருக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இலேதான் வந்தது. கோடு ஒன்றாயிருந்தும் விலை வேறாயிருந்தது! பதிவு ஒழுங்காயிருப்பது வேறு, நீதியாயிருப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தையற்கடையில் ஒரு பலகை

இனி, இக்காலத்துக் கடைக்கு வருவோம். தையற்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மலைநாட்டுக் கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை வருவதில்லை. தோட்டத்துச் சம்பள நாளை ஒட்டி ஒரு நெருக்கடி; தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பெரு நெருக்கடி; பாடசாலை தொடங்கும் காலத்திலே சீருடை நெருக்கடி. மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் அட்டன் வழியே செல்வதால் நகரமே பரபரக்கும். இவையனைத்தும் முன்னரே தெரிந்த நாட்கள். ஆதலால் முன்னரே நிரலில் எழுதத்தக்கவை. தீபாவளிக்கு ஆறு வாரத்துக்கு முன் நூலும் பொத்தானும் வாங்குதல், நான்கு வாரத்துக்கு முன் தையல் இயந்திரத்தைப் பழுதுபார்த்தல், பத்து நாளுக்கு முன் புதிய துணி ஏற்பதை நிறுத்துதல் என்று ஒருமுறை எழுதினால், அடுத்த ஆண்டுக்கும் அதுவே வழிகாட்டும்.

வேலையின் நிலையைக் காட்டுவதற்கு யப்பானியர் வகுத்த வழி ஒன்றுண்டு. டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையின் பொறியியலாளர் தைச்சி ஓனோ என்பார், அமெரிக்கப் பேரங்காடிகளில் விற்ற பொருளின் இடத்தை மட்டும் நிரப்பும் முறையைக் கருத்திற்கொண்டு, தொழிற்சாலையிலே அட்டைகளைக் கொண்டு வேலையை நடத்தினார். 'கன்பன்' என்பது அதன் பெயர். அறிவிப்புப் பலகை என்பது அச்சொல்லின் பொருள். இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் இப்பலகையே திரையில் தோன்றுகிறது. தையற்கடைக்கு ஏற்ப 'அளவெடுத்தது, வெட்டியது, தைத்தது, பொத்தான் வைத்தது, கொடுத்தது' என்று ஐந்து நிரைகள் இட்டுக்கொள்ளலாம். ஒவ்வோர் உடைக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையும் அடுத்த நிரைக்கு நகரும். எங்கே அட்டைகள் குவிகின்றனவோ அங்கேதான் தடை. வெட்டியது இருபதும் தைத்தது இரண்டுமாயின், அன்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வெட்டுபவரும் தையலுக்கு உதவவேண்டும் என்பது கண்ணாற் கண்டதும் விளங்கும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. ஜோன் லிற்றில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவிய விதி அது. மாணாக்கரும் எளிதில் அறியலாம். கையில் உள்ள வேலையின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் வேலையின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் கடையில் தங்கும் என்பது வரும். நாளொன்றுக்கு ஆறு உடை முடிக்கும் கடையில் முப்பது உடை இருந்தால் ஐந்து நாள்; அறுபது இருந்தால் பத்து நாள். வருவோருக்கெல்லாம் 'வெள்ளிக்கிழமை வாருங்கள்' என்று சொல்லும் கடைக்காரர் பொய்யர் அல்லர். இவ்வகுத்தலைச் செய்யாதவர், அவ்வளவே. ஏற்பதற்கு ஓர் எல்லை வைத்துக்கொண்டால் சொல் காப்பாற்றப்படும்.

கோடு கீறுவது யார் கை?

பயன் இவ்வளவிருந்தும், மென்பொருளைக் கையாளும் முறையிலேதான் கடையின் நன்மை தீமை தங்கியிருக்கிறது. முதலாளி தம் தொலைபேசியில் மட்டும் நிரலை வைத்துக்கொண்டு, உதவியாளருக்கு வேலையை ஏவிக்கொண்டே இருப்பாராயின், அது பழைய பெரட்டுக்களமே. தப்புக்குப் பதிலாகத் தொலைபேசி மணி ஒலிக்கிறது, அவ்வளவே வேறுபாடு. இரவு பத்து மணிக்கும் ஒலிக்கக்கூடும் என்பதால் தப்பினும் கொடிது எனலாம். தோட்டத்து நாள் அந்தி நிறுவையோடேனும் முடிந்தது.

ஆகவே சில நெறிகளைக் கூறுதல் நலம். முதலாவது, நிரலைக் கடையில் உள்ளோர் யாவரும் பார்க்கவேண்டும். இரண்டாவது, வேலை முடிந்ததென்று குறிப்பது அதனைச் செய்தவர் கையாக இருக்கவேண்டும். மூன்றாவது, முதலாளியின் வேலைகளும் அதே நிரலில் வரவேண்டும். நூல் வாங்கி வரத் தவறியது அவரானால் அதுவும் அங்கே தெரியட்டும். நான்காவது, வேலை எழுதப்படுவது தமிழில் ஆகுக. இச்செயலிகளிலே தமிழெழுத்தில் எழுதத் தடையில்லை. விளங்காத மொழியில் எழுதிய நிரல், வாசிக்கத் தெரியாதவருக்குக் காட்டிய துண்டை ஒக்கும். ஐந்தாவது, கடை அடைத்தபின் ஏவல் கூடாது.

இன்னொன்று. நிரலில் எழுதுவதையே வேலையென்று மயங்குவோரும் உளர். காலையில் ஒரு மணி நேரம் அட்டைகளுக்கு வண்ணம் தீட்டி அடுக்குவோர், அந்நேரத்தில் ஒரு சட்டையைத் தைத்திருக்கலாம். மூவர் வேலைசெய்யும் கடைக்கு ஒரே செயலி போதும். தொலைபேசி அலை எட்டாத பள்ளத்திலே கடை வைத்திருப்பவருக்குச் சுவரில் ஒரு கரும்பலகையும் வெண்கட்டியும் போதும். நான்கு வினாக்களும் விடைகளும் இருக்கின்றனவா என்பதே பொருட்டு.

அண்மைக் காலத்தில் மலைநாட்டின் சில தோட்டங்களில் மின்னணுத் தராசுகள் வந்துள்ளன. நிறை இலக்கமாகத் தோன்றி உடனே பதிவாகிறது. கொழுந்தெடுத்தவர் அவ்விலக்கத்தைத் தம் கண்ணாற் கண்டு, தாமும் குறித்துக்கொள்ள இயலுமாயின், ஒன்றரை நூற்றாண்டு ஐயத்துக்கு அது மருந்தாகும். அவர் காணாதவாறு இலக்கம் அலுவலகத்துக்கு மட்டும் சென்றால், கருவி புதிதாயினும் ஏடு பழையதே.

ஆசிரியப் பெருமக்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. கணக்குப் பாடத்திலே வட்டியும் விகிதமும் கற்பிக்கும்போது, வேலைப் பதிவேட்டை எழுதவும், பிறர் எழுதியதைச் சரிபார்க்கவும் நம் மாணாக்கருக்குக் கற்பிக்கலாம். அவர்களுட் சிலர் நாளை கடை வைப்பர். சிலர் பிறர் கடையில் வேலை பார்ப்பர். பேர் போடும் இடத்துக்கு நம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தம் பாட்டனாரும் பாட்டியாரும் ஏட்டின் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதை மறவாமல் அவர்கள் பேர் போடவேண்டும்.