கண்ணாடிக் கோளத்துக்குள் நம் கடற்கரை

பனி பொழியாத மண்ணில் பனிக்கோளம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், புதுச்சேரிக்குச் சற்று வடக்கே, வங்கக் கடலையொட்டி அமைந்த ஊர் பொம்மையார்பாளையம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் பனித்துளியன்றி வேறு பனியை இவ்வூர்க் கரை கண்டதில்லை. எனினும், வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் கொண்டுவரும் பரிசுப் பொருள்களிடையே, குலுக்கினால் உள்ளே வெண்துகள்கள் சுழன்று விழும் கண்ணாடி உருண்டையை நம் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். அதைக் கையில் வாங்கிய குழந்தை எளிதில் திருப்பித் தருவதில்லை.

அந்த உருண்டையைக் கணினித் திரையில், காசு செலவின்றி, நம் பிள்ளைகளே படைக்கலாம். அதனுள் எந்த ஊரை வைப்பது என்பதையும் அவர்களே தீர்மானிக்கலாம். விடுமுறை நாள்களில் கைப்பேசியில் பிறர் செய்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, தானே ஒரு படத்தை அசையச் செய்துவிட்டால் அதன் பின் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். ஆகவேதான் இக்கட்டுரை.

ரவையில் பிறந்த பனி

பனிக்கோளத்தின் வரலாறு சுவையானது. நீர் நிரம்பிய கண்ணாடி உருண்டைக்குள் சிற்றுருவம் வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் இருந்தது. ஆயினும் இன்று நாம் காணும் வடிவம் 1900ஆம் ஆண்டளவில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உருவாயிற்று. எர்வின் பெர்ஸி என்பவர் அங்கு அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிலாளி. மருத்துவர்களுக்குப் பிரகாசமான விளக்கு வேண்டியிருந்தது. முற்காலச் செருப்புத் தைப்போர் மெழுகுவர்த்தியின் முன் நீர் நிறைந்த கண்ணாடிக் குடுவையை வைத்து ஒளியை ஓரிடத்தில் குவிப்பார்கள். பெர்ஸியும் அவ்வழியில் சென்றார். ஒளியைப் பெருக்க நீரில் பல பொருள்களைத் தூவிப் பார்த்தவர், ஒரு நாள் ரவையைத் தூவினார். நம் வீட்டில் உப்புமா கிண்டும் அதே ரவைதான்! அது மெல்ல மெல்லக் கீழிறங்கியது பனி பொழிவதைப் போன்றிருந்தது. விளக்கு கிடைக்கவில்லை; பனிக்கோளம் கிடைத்தது. அவருடைய வழித்தோன்றல்கள் இன்றும் வியன்னாவில் அத்தொழிலை நடத்தி வருகின்றனர்.

கண் ஏமாறும் விதம்

திரையில் பனி உண்மையில் விழுவதில்லை. சற்றே இடம் மாறிய பல படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. அவற்றை ஒரே அசைவாகக் கொள்கிறது நம் பார்வை. கண் கண்டதை மனம் உணரக் கால அவகாசம் வேண்டும் என்பதை ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் இப்னு ஹைதம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்பேரறிஞர், 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் பல வண்ணம் பூசிய பம்பரத்தை எடுத்துக்காட்டாக ஆள்கிறார். வேகமாகச் சுழலும் பம்பரத்தில் தனித்தனி வண்ணங்கள் தெரிவதில்லை. யாவும் கலந்த ஒரே வண்ணம்தான் தெரிகிறது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. மெல்ல விழும் பனிக்கு 10 படங்களே போதுமானவை.

இத்தகைய குட்டி அசைபடங்களைச் சுமந்து செல்லும் கோப்பு வடிவமே 'ஜிஃப்'. அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987இல் இதை வெளியிட்டது. 1989இல் வந்த திருத்தத்தால் ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் வசதி உண்டாயிற்று. அது ஒரு படத்தில் 256 வண்ணங்களுக்கு மேல் தாங்காது. ஆனாலும் ஏறத்தாழ எல்லாக் கணினியும் கைப்பேசியும் அதைத் திறக்கும்.

எந்த மென்பொருள்?

போட்டோஷாப் என்னும் பெயரை அறியாதார் இல்லை. 1990இல் வெளிவந்த அம்மென்பொருளை இன்று சந்தா கட்டியே பயன்படுத்த இயலும். அதன் களவுப் பிரதியைக் கணினியில் ஏற்றிக்கொள்வதை நம்மில் சிலர் ஒரு தவறாகவே கருதுவதில்லை. கடையில் ஒரு பேனாவை எடுத்தால் திருட்டு என்று பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம். பிறர் உழைப்பில் உருவான மென்பொருளை அவர் அனுமதியின்றி எடுப்பதற்கு வேறு பெயர் சூட்ட முடியுமா? அமானிதம் பேணுதல் கண்ணுக்குத் தெரியும் பொருளோடு முடிந்துவிடுவதில்லை.

அதற்கு அவசியமும் இல்லை. 'ஜிம்ப்' என்றொரு மென்பொருள் உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் 1995இல் தொடங்கியது அது. எவரும் விலையின்றிப் பெறலாம்; நகலெடுத்து அண்டை வீட்டாருக்கும் அளிக்கலாம்; அதற்கு அவர்களே உரிமை தந்திருக்கிறார்கள். தமிழக அரசு 2011 முதல் சில ஆண்டுகள் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி எவர் வீட்டிலேனும் உறங்கிக்கொண்டிருந்தால், அதை எழுப்ப இது தக்க தருணம். விழுப்புரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் குனு லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்கு இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைக் கற்பித்து வருகிறது. 2012 முதல் 'கணியம்' என்னும் மின்னிதழும் இவற்றைத் தமிழில் விளக்கி வருகிறது.

செய்யும் முறை

முதலில், அகலமும் உயரமும் 400 பிக்சல் கொண்ட புதிய படம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஜிம்ப்பில் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, கண்ணாடித் தாள்களைப் போல அடுக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் 'லேயர்' என்று பெயர். நாம் அடுக்கு என்போம்.

அடித்தளம்: அடியில் வெள்ளை அடுக்கு. அதன்மேல் உங்கள் ஊர்ப் புகைப்படத்தை வையுங்கள். நீள்வட்டத் தேர்வுக் கருவியால் 300 பிக்சல் விட்டமுள்ள வட்டம் ஒன்றை மேற்பகுதியில் வரையுங்கள். அந்தத் தேர்வைச் சேமித்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். தேர்வைத் தலைகீழாக்கி, வட்டத்திற்கு வெளியேயுள்ள புகைப்படப் பகுதியை அழித்துவிடுங்கள். வட்டத்தின் கீழே மரநிறத்தில் ஒரு பீடம் வரைந்து, அனைத்தையும் ஒரே அடுக்காக இணையுங்கள்.

பளபளப்பு: புதிய வெற்று அடுக்கில், வட்டத்தின் இடது மேற்புறத்தில், ஓரம் மங்கிய சிறு வெண்ணிற நீள்வட்டம் ஒன்றை வரைந்து, அதன் அடர்த்தியை 30 விழுக்காட்டிற்குக் குறையுங்கள். தட்டையான படம் கண்ணாடியாக மாறுவது இந்த ஒரு செயலால்தான்.

பனி: மற்றொரு வெற்று அடுக்கில், மென்மையான தூரிகையால் வெண்புள்ளிகளைச் சிதறலாக இடுங்கள். சில பெரியனவாகவும் சில சிறியனவாகவும் இருக்கட்டும். மேல், கீழ் விளிம்புகளில் மட்டும் புள்ளி வேண்டாம்.

இனிதான் கணக்கு வருகிறது. ஜிம்ப்பில் 'ஆஃப்செட்' என்றொரு கட்டளை உண்டு. அது அடுக்கைக் கீழே நகர்த்தும். அடியில் வெளியேறும் பகுதியை மீண்டும் மேலே கொண்டுவந்து சேர்க்கும். பனி அடுக்கை நகலெடுத்து 20 பிக்சல் கீழே நகர்த்துங்கள். அந்த நகலை மீண்டும் நகலெடுத்து இன்னும் 20 நகர்த்துங்கள். இவ்வாறு மொத்தம் 20 அடுக்குகள் ஆகும் வரை செய்யுங்கள். 20 பெருக்கல் 20 என்பது 400. அதாவது, இருபதாம் அடுக்கின் அடுத்த நகர்வு முதல் அடுக்கிலேயே வந்து நிற்கும். தொடக்கமும் முடிவும் தெரியாமல் பனி பொழிந்துகொண்டேயிருப்பதன் இரகசியம் இதுவே. வாய்ப்பாட்டை வெறுக்கும் பிள்ளைக்கும் இங்கே வாய்ப்பாடு பிடித்துப்போகும்.

நகர்த்தி முடித்த பின்னரே, சேமித்த வட்டத் தேர்வை அழைத்து, ஒவ்வொரு பனி அடுக்கிலும் வட்டத்திற்கு வெளியேயுள்ள புள்ளிகளை அழிக்க வேண்டும். முறையை மாற்றி, முதலில் அழித்துப் பின்னர் நகர்த்தினால், பனி கோளத்தை விட்டு வெளியே கொட்டும்.

அடுத்து, ஒவ்வொரு பனி அடுக்கின் கீழும் அடித்தளத்தின் நகல் ஒன்றும், மேலே பளபளப்பின் நகல் ஒன்றும் வைத்து, மூன்றையும் ஒன்றாக்குங்கள். முடிவில் 20 முழுப் படங்கள் மட்டுமே இருக்க வேண்டும். வெறும் அடித்தளம் ஒன்று தப்பித் தவறித் தங்கிவிட்டால், சுற்றுக்கொரு முறை பனி மறைந்து தோன்றும்.

வடிகட்டிகள் பட்டியலில் அசைபடப் பகுதிக்குச் சென்று ஓட்டிப் பாருங்கள். திருப்தியெனில் அங்கேயே ஜிஃப்புக்கான சுருக்கும் கட்டளையை இயக்கி, ஜிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது அசைபடமாகவே சேமிக்கவும், முடிவின்றிச் சுழலவும் கட்டளையிட வேண்டும். ஒவ்வொரு படமும் 100 மில்லிநொடி நிற்கட்டும். இரண்டு நொடிகளில் ஒரு சுற்று முடியும்.

பெற்றோர் கவனத்திற்கு

அசைபடம் செய்யக் கற்ற பிள்ளை, அடுத்துப் படத்தை மின்னல் போல் வெட்ட வைக்கவே ஆசைப்படும். இங்கே எச்சரிக்கை அவசியம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' தொலைக்காட்சித் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக வெட்டின. அதைக் கண்டு வலிப்பு, மயக்கம், குமட்டல் முதலியவற்றால் ஏறத்தாழ 700 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எந்த ஒளியும் வெட்டலாகாது என்பது இன்றைய உலகளாவிய வழிகாட்டுதல். வலிப்பு நோயுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதனை மறவாதிருங்கள்.

உயிருள்ளவற்றின் உருவங்களை வரைவது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. கடல், மரம், படகு, மினாரா ஆகியவற்றைக் கொண்டு செய்யும் இக்கோளத்தில் அந்தத் தயக்கத்திற்கும் இடமில்லை.

உள்ளே எதை வைப்பது?

வியன்னாக்காரர் தம் முதற்கோளத்தினுள் தம் நாட்டுப் புகழ்பெற்ற தேவாலயம் ஒன்றின் உருவை வைத்தார். நம் பிள்ளைகள் எதை வைப்பார்கள்? இணையத்தில் கிடைக்கும் பைன் மரங்களையும் பனிவீடுகளையும் வைக்கட்டும், தவறில்லை. ஆயினும் நான் வேறொன்றைப் பரிந்துரைக்கிறேன்.

நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இழுத்துச் செல்கின்றன. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டப்பட்டபோது, அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே புதுச்சேரி நகரக் கரையும், அதைத் தாண்டிய மீனவக் கிராமங்களும் மணல் வரத்தின்றி மெலிந்தன. பொம்மையார்பாளையம் வரை கடல் அரிப்பு எட்டியது. ஒரு காலத்தில் வலை உலர்த்தவும், கட்டுமரம் ஏற்றி வைக்கவும் இடம் தந்த மணல் பரப்பு, இன்று பல இடங்களில் பழைய புகைப்படங்களில்தான் இருக்கிறது.

அத்தகைய புகைப்படம் ஏதேனும் ஓர் ஆல்பத்தில் இருக்கும். பிள்ளை அதைத் தேடி எடுத்துக் கோளத்துக்குள் வைக்கட்டும். எடுக்கும்போதே, "நன்னீ, இவ்வளவு மணல் எங்கே போயிற்று?" என்று கேட்கும். வீட்டுப் பெரியவர்கள் விடை சொல்ல வேண்டி வரும். அந்த உரையாடலுக்காகவே இம்முயற்சி தகும். விழுவது பனியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வெண்புள்ளிகளுக்குப் பதில் சற்றுச் சாய்ந்த மெல்லிய கோடுகளை இட்டால் ஐப்பசி மழையாகிவிடும்; கணக்கு அதுவேதான்.

வரும் விடுமுறையில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். தாயும் தந்தையும் அருகில் அமர்ந்துகொள்ளுங்கள். முதல் முயற்சியில் பனி கோளத்தைத் தாண்டிக் கொட்டினால் கடிந்துகொள்ளாதீர்கள். எந்த இடத்தில் முறை மாறிற்று என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.