மாற்றிவைத்த இருதயமும் மாறாத நிறவெறியும்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், குரூட் ஷூர் மருத்துவமனையில், 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், மாண்ட மனிதர் ஒருவரின் இருதயம் மற்றொரு மனிதரின் மார்புக்குள் பொருத்தப்பட்டுத் துடிக்கத் தொடங்கியது. மனித வரலாற்றில் அதுவே முதல் முறை. உலகம் மூக்கின்மேல் விரலை வைத்தது. டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டின் படத்தை வெளியிடாத ஏடு இல்லை. அவரைப் பாராட்டாத நாடு இல்லை.

பாராட்டட்டும், வேண்டாம் என்பாரில்லை. ஆனால் கோபுரத்தைக் கண்டு கும்பிடுவோர், அதைத் தாங்கும் அடிக்கல்லை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த அடிக்கற்களில் ஒன்றின் பெயர் ஹாமில்டன் நாக்கி.

யார் இந்த நாக்கி? பட்டம் பெற்ற மேதையா? பணக்கார வீட்டுப் பிள்ளையா? இல்லை, தோழர்களே, இல்லை! டிரான்ஸ்கெய் பகுதியின் சிற்றூர் ஒன்றில் பிறந்த கறுப்பர். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. பிழைப்புத் தேடிக் கேப்டவுன் வந்தார். பல்கலைக்கழகத்திலே தோட்டவேலை கிடைத்தது. பிறர் படிக்கும் இடத்தில் இவர் புல் வெட்டினார். பிறர் ஆடும் டென்னிஸ் திடலை இவர் உருளை இழுத்துச் சமப்படுத்தினார்.

1954-ல் ராபர்ட் கோட்ஸ் என்ற பேராசிரியர் ஒட்டகச்சிவிங்கியை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அத்தனை நீளக் கழுத்தைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கிறதே, அதற்கு ஏன் மயக்கம் வருவதில்லை என்பது கேள்வி. விலங்கைப் பிடித்துக்கொள்ள வலுவான ஆள் வேண்டும். தோட்டத்திலிருந்து நாக்கியைக் கூப்பிட்டனர். கைவலிமைக்காக அழைக்கப்பட்டவர் கைத்திறனைக் காட்டினார். மயக்க மருந்து கொடுக்கக் கற்றார். இரத்தக் குழாயைத் தைக்கக் கற்றார். விலங்குகளுக்கு உறுப்பு மாற்றவும் கற்றார். பர்னார்டின் ஆராய்ச்சிக்கூடத்திலும் பணிபுரிந்தார். பட்டம் பெற்ற இளம் மருத்துவர்கள் அவர் பக்கத்தில் நின்று அறுவை பழகிச் சென்றனர். தம்மைவிடக் கைத்திறன் மிக்கவர் நாக்கி என்று பர்னார்டே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அந்தக் கை வெள்ளையரைத் தொட்டு வைத்தியம் செய்யலாமா? கூடாது என்றது நிறவெறி ஆட்சி! ஆராய்ச்சிக்கூடத்திலே ஆசான், அறுவைக்கூடத்தின் வாசலிலே அந்நியன். இதுதான் அவர்கள் கண்ட நீதி.

இன்னொன்றும் கேளுங்கள். 1968 ஜனவரி 2-ஆம் நாள் அதே மருத்துவமனையில் இரண்டாவது மாற்று இருதய அறுவை நடந்தது. நோயாளி பிலிப் பிளைபெர்க், வெள்ளையர், பல் மருத்துவர். அவருக்குக் கிடைத்த இருதயம் 24 வயதில் மாண்ட கலப்பின இளைஞருடையது. உயிரோடிருந்தபோது வெள்ளையரின் ரயில் பெட்டியில் ஏற முடியாத இளைஞர். வெள்ளையரின் கடற்கரையில் கால் வைக்க முடியாத இளைஞர்! அவருடைய இருதயம் வெள்ளையர் மார்பில் பத்தொன்பது மாதம் ஓயாமல் உழைத்தது. இரத்தத்திலே சாதி இல்லை, நிறம் இல்லை என்று நூறு மேடையில் முழங்கியதை, அந்த இருதயம் சத்தமின்றி மெய்ப்பித்துக் காட்டியது. சட்டம் மட்டும் வெட்கப்படவில்லை.

2005-ல் நாக்கி மறைந்தார். அப்போது சில உலக ஏடுகள், 1967-ல் இருதயத்தை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான் என்று எழுதிவிட்டு, அது சரியல்ல என்று பின்னர் திருத்தம் வெளியிட்டன. ஆம், அன்று அவர் அந்த அறையில் இல்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிட்டதா? உழைப்பாளியின் புகழுக்குக் கட்டுக்கதை என்ற முட்டுக்கொடுப்பு எதற்கு? தோட்டத்திலிருந்து வந்தவர் மருத்துவர்களுக்குக் கற்பித்தார். உண்மை அவ்வளவுதான். அதுவே மலையளவு!

சரி, அந்த முதல் நோயாளி என்ன ஆனார்? லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாளே வாழ்ந்தார். புதிய இருதயம் அவரைக் கைவிடவில்லை. நுரையீரல் சுரம் கொண்டு போயிற்று. காரணம் என்ன? பிறர் உறுப்பை நம் உடல் பகைவனாகக் கருதித் தாக்கும். அதை அடக்க மருந்து கொடுத்தால், நோய்க்கிருமியை எதிர்க்கும் காவற்படையும் சேர்ந்து ஒடுங்கும். 1968-ல் பல நாட்டு மருத்துவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சுமார் நூறு பேருக்கு இருதயம் மாற்றினர். பெரும்பாலோர் விரைவிலேயே மாண்டனர். புகழுக்கு ஓடி வந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தனர்.

வைக்காதவர் ஒருவர் இருந்தார்: அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நார்மன் ஷம்வே. 1967-க்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். ஆரவாரம் அடங்கிய பின்னும் ஆராய்ந்தார். அவருடைய கூடத்திலே பிலிப் கேவ்ஸ் என்பவர், கழுத்து இரத்தக் குழாய் வழியே மெல்லிய கருவியை இருதயத்துக்குள் செலுத்தி, துளித் தசையை எடுத்துச் சோதிக்கும் முறையை 1973-ல் கொண்டுவந்தார். உடலின் எதிர்ப்பை முன்கூட்டியே அறிய வழி பிறந்தது. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கிடைத்தது. 1983-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. அன்று 18 நாள். இன்றோ மாற்று இருதயம் பெற்றவரில் பாதிப் பேருக்கு மேல் பத்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர்! ஒரு நாள் கத்தி செய்த வேலையா இது? ஆராய்ச்சியும் பயிற்சியும் பொறுமையும் சேர்ந்து செய்த வேலை.

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுவிடுவது அல்ல. நாளொன்றுக்கு ஏறக்குறைய லட்சம் முறை துடிக்கும் அந்தத் தசை, உடலுக்குத் தேவையான இரத்தத்தை இறைக்க மாட்டாமல் தளர்ந்துபோவது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும், படுத்தால் திணறி எழுந்து உட்காரச் செய்யும், கால் வீங்கும். மூட்டை சுமக்கும் தோழர் இதை வேலைக் களைப்பென்று தள்ளிப்போடுவார். தள்ளிப்போடாதீர்! மாரடைப்பும், கவனிக்காத இரத்தக் கொதிப்பும், சிறுவயதில் வரும் மூட்டுவாதச் சுரமும், அளவற்ற மதுவும் இதற்குக் காரணங்கள். பெரும்பாலோருக்கு மாற்று இருதயம் தேவைப்படாது. முறையான மருந்தும், குறைந்த உப்பும், இடைவிடாத கண்காணிப்பும் ஆயுளை நீட்டும். இதை எடுத்துச் சொல்லும் செவிலியரும், சோதனைக்கூட ஊழியரும், மருந்தாளரும் வைத்தியத்தின் பாதிப் பங்கு. அவர்களுக்குப் படிப்பும் பயிற்சியும் கொடுக்காமல் பளிங்குக் கட்டடம் மட்டும் எழுப்பிப் பயனென்ன?

நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், 2002-ல் நாட்டின் விருது நாக்கிக்குக் கிடைத்தது. 2003-ல் கேப்டவுன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவ முதுகலைப் பட்டம் அளித்தது. புல் வெட்டிய இடத்திலேயே பட்ட அங்கி! மகிழ்ச்சிதான். ஆனால் அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். கை நடுங்காத காலத்தில் கொடுத்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்!

எந்தக் கையில் எந்தத் திறமை உறங்குகிறது என்று பிறப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது; நிறத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. கல்விக் கதவைத் திறந்தால்தான் தெரியும். அந்தக் கதவை அடைப்பவன் ஒரு மனிதனின் வாழ்வை மட்டும் கெடுப்பதில்லை. அந்த மனிதன் காப்பாற்றியிருக்கக்கூடிய அத்தனை நோயாளிகளின் மூச்சையும் சேர்த்தே நிறுத்துகிறான்.